நாலாவது பெட்டியின் கதவு

போன வாரம் பெரியவளைப் பிளாட்பாரத்தில் ஓடவிட்டுவிட்டு நாம் வந்துவிட்டோம். அவள் எங்கே ஓடினாள் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது சரியில்லை. மூன்றாவதாக ஒருவருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் நடந்ததை ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொள்வோம்.

பெரியவள் நகர ரயில் ஓட்டுபவள். ஐம்பதைத் தாண்டியவள். அன்று பாதி வழியில் ஒரு ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தி, கண்ட்ரோல் ரூமுக்கு ரேடியோவில் சொன்னாள். "நாலாவது பெட்டி கதவு விளக்கு எரியல. இறங்கிப் பாக்கறேன்."

கதவு ஒழுங்காக மூடினால் ஓட்டுநர் முன்னால் ஒரு விளக்கு எரியும். எரியவில்லை என்றால் இறங்கிப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். மாற்று ஆள் வராமல் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்திருக்க அனுமதி உள்ள ஒரே காரணம் அதுதான்.

ரேடியோவின் மறுமுனையில் அன்று உட்கார்ந்திருந்தவர் அவளுடைய கணவர். "பாருங்க" என்றார். ரேடியோவில் மனைவியையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். வீட்டுக்கு வந்தால் அந்த மரியாதை கிடையாது.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் நாலாவது பெட்டிப் பக்கமே போகவில்லை. பிளாட்பாரக் கோடியிலிருந்த ஊழியர் கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வந்து, கதவு சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

சின்னப் பொய் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் ஒரேயடியாகக் கெட்டுப்போன கதவைக்கூட மன்னிக்கிற ரயில்காரர்கள், கெட்டுவிட்டுத் தானாகச் சரியாகும் கதவை மன்னிக்க மாட்டார்கள். ஓடும்போது திறந்துகொண்டால் யார் பொறுப்பு? வண்டியைப் பணிமனைக்கு இழுத்துப் போனார்கள். கழற்றிப் பார்த்தார்கள். கோளாறு அகப்படவில்லை. அகப்படாமல் போனது இன்னும் மோசம். அன்று காலை அந்தக் கதவுகளைச் சோதித்து அனுப்பிய மெக்கானிக்கை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அந்த மெக்கானிக் அவளுடைய தம்பி. வீட்டில் சின்னவன்.

பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. கதவைச் சோதித்தவர், வண்டியை எடுக்க வரும் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து "கதவு சுகம்" என்று வாயால் சொல்ல வேண்டும். அன்றும் சின்னவன் சொன்னான். அக்கா என்பதால் ஒரு சிரிப்பும் சேர்த்துச் சொன்னான். கழிப்பறையைத் தேடி ஓடியபோது பெரியவளுக்கு அந்த முகம் ஞாபகம் வரவில்லை. அடிவயிற்றைத் தவிர எதுவுமே ஞாபகம் வரவில்லை.

நாளைக் காலையில் விசாரணை. ரேடியோவில் சொன்னதையே அவள் அங்கேயும் சொன்னால், சின்னவன் இனி எந்த ரயிலின் கதவையும் தொட முடியாது. உண்மையைச் சொன்னால், பொய்த் தகவல் தந்தவள் என்று அவளை இறக்கிவிடுவார்கள். அதன்பின் அவள் பயணியாக மட்டும்தான் ரயில் ஏற முடியும்.

இன்று ஒரு நாள்தான் மிச்சம். அந்த ஒரு நாளும் நீர்க்கடுப்போடு விடிந்தது.

* * *

துளித்துளியாகப் போனது. போகும்போது மிளகாய்த் தண்ணீர் பட்டதுபோல் எரிந்தது. வந்து படுத்தால் உடனே மறுபடி முட்டியது. இந்த வருஷத்தில் இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதே மாத்திரையை வாங்குவாள். எரிச்சல் தணிந்த அன்றே நிறுத்திவிடுவாள். மீந்ததை அடுத்த தடவைக்கு ஆகும் என்று கைப்பையில் போட்டுக்கொள்வாள். இந்தச் சாமர்த்தியம் நம் வீடுகளில் யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

இந்த முறை மீந்த மாத்திரைக்கு மசியவில்லை. வேறு வழியில்லாமல்தான் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா நரைத்த தலையும் சன்னக் குரலுமாக இருந்தார். மாதவிலக்கு எப்போது நின்றது என்று கேட்டார். ஒன்றரை வருஷம் ஆகிறது என்றாள் பெரியவள். உடம்பு திடீரென்று சூடாகிறதா, தூக்கம் வருகிறதா, இருமினால் தும்மினால் சொட்டுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். என்ன வேலை என்று கேட்டபோதுதான் மறுபடி வாய் திறந்தாள்.

ரயில் என்றதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"நடுவுல பாத்ரூம் போகணும்னா?"

"கடைசி ஸ்டேஷன் வரைக்கும் முடியாது."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"தண்ணி குடிக்க மாட்டேன்."

டியூட்டி முடியும்வரை ஒரு வாய்கூடவா என்று கேட்டார். உதட்டை நனைத்துக்கொள்வதுண்டு என்றாள். ரயிலை வடிவமைத்த மகராசன்கள் ஓட்டுநர் பக்கத்தில் காபிக் கோப்பை வைக்க அழகாக ஒரு குழி செய்து வைத்திருக்கிறார்கள். குடித்த காபி எங்கே போகும் என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது.

விதி என்று ஒன்று இல்லாமல் இல்லை. அவசரம் என்றால் ரேடியோவில் சொல்லலாம், அடுத்த பெரிய ஸ்டேஷனில் மாற்று ஓட்டுநர் வந்து நிற்பார். ஆண்கள் சொல்வார்கள். "ரேடியேட்டர் சூடாயிடுச்சு" என்பார்கள். மின்சார ரயிலுக்கு ரேடியேட்டரே கிடையாது. பஸ் ஓட்டிய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பேச்சு. அந்தப் பாதையில் ஓடும் எல்லா வண்டிகளிலும் அது கேட்கும். நாலு பேர் சிரிப்பார்கள். அதோடு விட்டுவிடுவார்கள்.

போன வருஷம் ஒருமுறை பெரியவளும் கேட்டாள். ரேடியேட்டர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. 'மாற்று ஆள் வேண்டும்' என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்னும் போகவில்லை. சாப்பாட்டு அறையில் அவள் நுழைந்தால், "ரேடியேட்டர் வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்று யாராவது ஒருவன் சொல்லுவான். அவளும் சிரித்துவிட்டுத் தட்டை எடுப்பாள். அதற்குப் பிறகு அவள் ரேடியோவில் அதைக் கேட்டதே இல்லை.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் அவள் சொல்லவில்லை. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பில் ஒரு ஹார்மோன் குறைந்துபோகிறது. அதனால் சிறுநீர் வருகிற வழியிலும் அதைச் சுற்றியும் தோல் மெலிந்து, வறண்டுபோகிறது. அங்கே காவல் காத்த நல்ல கிருமிகள் குறைந்து கெட்ட கிருமிக்கு வழி விடுகின்றன. தண்ணீர் குடிக்காமலும் அடக்கிவைத்தும் இருந்தால் அந்தக் கிருமி தங்கிவிடும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமி அந்த மாத்திரைக்கே பழகிப்போகும். இந்த முறை சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். உள்ளே தடவிக்கொள்ள ஒரு ஹார்மோன் கிரீமும் எழுதினார். தொடர்ந்து தடவினால் திரும்பத் திரும்ப வருவது குறையும் என்றார். முதுகு வலித்து, குளிர் காய்ச்சல் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வரச் சொன்னார்.

பிறகு, வீட்டுக்காரரோடு சேரும்போது வலிக்கிறதா என்று கேட்டார்.

"சேர்றதே இல்ல. தனித்தனியாத்தான் படுக்கறோம்."

"வலியாலதான்னு அவருக்குத் தெரியுமா?"

"சொல்லல."

டாக்டரம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "எத்தனையோ பேருக்கு வர்றது இது. உங்க தப்பு ஒண்ணுமில்ல."

அதைக் கேட்டதும் பெரியவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நோயைப் பற்றித்தான் அழுகிறாள் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? தப்பு இல்லை என்று ஒருவர் சொல்லக் கேட்க நாலு நாளாக அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் சொன்னது வேறு தப்பைப் பற்றி.

வேலை செய்யும் இடத்துக்கு ஒரு சான்றிதழ் தருகிறேன், நடுவில் இடைவேளை கேட்கலாம் என்றார் டாக்டரம்மா. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

* * *

வீட்டுக்கு வந்தபோது கணவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். காலை ஷிப்ட் முடிந்து வந்தவர் சட்டைகூட மாற்றவில்லை. எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். கடைக்கு என்றாள். அவள் கையில் மருந்துப் பை இருந்தது. அவர் அந்தப் பையைப் பார்த்தார். அவள் அதை முந்தானைக்குள் மறைத்தாள்.

இந்த மனிதரைப் பற்றி இதுவரை நான் நல்லதாகவே எழுதி வந்திருக்கிறேன். கண்ட்ரோல் ரூமில் ஒரே நேரத்தில் அத்தனை ரயில்களையும் கண்ணில் வைத்திருப்பவர், எது எங்கே நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார் என்று எழுதினேன். இன்று அவர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்.

"நாலாவது பெட்டி பின்னாடி இருக்கு. நீ முன்னாடி ஓடின" என்றார்.

பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பிளாட்பாரக் கேமரா என் மேஜைக்குத்தான் வரும். பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

மூன்றாவது ஆள் இவர்தான். அன்றே பார்த்திருக்கிறார். அவள் ஓடியதையும், திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், அப்புறம் வண்டியில் ஏறிக் கதவு சரியாகிவிட்டது என்று ரேடியோவில் சொன்னதையும் பார்த்தார், கேட்டார். "சரி, எடுங்க" என்று பதிலும் சொன்னார்.

அப்போதே ஏன் கேட்கவில்லை என்றாள்.

நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன் என்றார் அவர். பணிமனையில் கழற்றிப் பார்த்தால் கதவு நன்றாக இருப்பது தெரிந்துவிடும், சின்னவனுக்கு ஒன்றும் ஆகாது, அதற்குள் நீ என்னிடம் வந்து சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன் என்றார். முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்த அன்றும் சொல்லவில்லை.

"எங்கிட்ட நீ எதையும் சொல்றதில்ல. ஒரு வருஷமா பக்கத்துல வந்தாலே எழுந்து போயிடற. ராத்திரி அந்த ரூமுக்குப் போய் கதவைச் சாத்திக்கற. என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன்."

அவர் அதைச் சொன்னபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை.

பெரியவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மருந்துப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். வலி, எரிச்சல், ஆசை இருந்தும் பயந்து தனி அறைக்குப் போனது, துணி நனைந்துவிடுமோ என்று டியூட்டிக்கு மாற்றுடை எடுத்துப் போவது, எல்லாம். டாக்டரம்மா கேட்ட கேள்விகளை அவளே கேட்டு அவளே பதில் சொல்வதுபோல் சொன்னாள். நடுவில் ஒருமுறை எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஏன்னு நீங்களும் கேக்கலையே."

அவர் கை நீட்டி மருந்துப் பையைத் தன் பக்கம் இழுத்து, சீட்டில் எழுதியிருப்பதைப் படித்தார். எந்த மருந்தை எப்போது என்று மெல்லிய குரலில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் பாதி மன்னித்துவிட்டேன். மீதிப் பாதியை அடுத்த நிமிஷமே அவர் கெடுத்துக்கொண்டார்.

சின்னவன் இன்று மத்தியானம் விசாரணை அதிகாரியைப் பார்த்துத் தப்பை ஒத்துக்கொண்டுவிட்டான் என்றார். கதவுச் சோதனையில் எதையோ தவற விட்டுவிட்டேன் என்று அவனே போய்ச் சொல்லியிருக்கிறான். கண்ட்ரோல் ரூம் முழுக்க அதுதான் பேச்சு.

"அவன் எதுக்கு ஒத்துக்கணும்? அவன் எதையும் விடல."

தெரியாது என்றார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவனாக ஒத்துக்கொண்டதால் தண்டனை பெரிதாக இருக்காது. கதவு வேலையிலிருந்து எடுத்துப் பெட்டி கழுவுகிற பிரிவில் போடுவார்கள். சம்பளம் கொஞ்சம் குறையும், ஆனால் வேலை போகாது. பெரியவள் உண்மையைச் சொன்னால் ஓட்டுநர் வேலை போகும். கேமராப் பதிவை எடுத்துப் பார்த்தால், பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்த அவருடைய நாற்காலியும் போகும். நாளைக்கு ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டால், மூன்று பேருக்கும் ஏதோ ஒரு வேலை மிஞ்சும்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எந்த வண்டியைப் பக்கத்துப் பாதைக்கு ஒதுக்கினால் மற்ற வண்டிகள் ஓடும் என்று நாள் முழுக்கப் பார்க்கிற ஆள் அல்லவா. வீட்டிலும் அதே யோசனைதான்.

பெரியவள் ஒரு டம்ளர் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவர் தடுக்கவில்லை. கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

* * *

சின்னவன் வீடு நாலு தெரு தள்ளி, ஒரு மாடிக் குடியிருப்பில். படியேறும்போதே அவளுக்கு மறுபடி முட்டியது. அடக்கிக்கொண்டாள். அடக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அரை நாள்கூட ஆகவில்லை.

தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். நாலு நாளில் கண்ணைச் சுற்றிக் கறுத்துவிட்டது. நாத்தனாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் பெரியவளைக் கொன்றது.

"நல்லவேளை வந்தீங்க அண்ணி. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. சாப்பிட மாட்டேங்கறாரு, தூங்க மாட்டேங்கறாரு. வந்து பாருங்க என்ன பண்றாருன்னு."

உள் அறையில் சின்னவன் துணி பீரோவின் முன்னால் நின்றிருந்தான். பீரோக் கதவைத் திறந்தான், மூடினான். காதை ஒட்டவைத்து மறுபடி திறந்தான். அவளைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"வாக்கா. சும்மா, இந்தக் கீல் கொஞ்சம் தளர்ந்திருக்கு" என்றான்.

நாற்பது வயது ஆள். அவன் தோளிலிருந்து சட்டை தொங்கியது. பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த முதல் வாக்கியம் மறந்துபோயிற்று. இன்று எதற்காக அதிகாரியிடம் போய் ஒத்துக்கொண்டாய் என்றுதான் கேட்க வந்தது.

அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல் இருந்தது அவன் பார்வை.

"விளக்கு எரியலன்னு நீதானே சொன்ன? வேற டிரைவரா இருந்தா, கண்ணு சரியில்ல, தூங்கிட்டு ஓட்டறான்னு சொல்லியிருப்பேன். நீ பாத்தா பாத்ததுதான். அப்ப நான்தான் எங்கயோ விட்டிருக்கணும். எங்க விட்டேன்னுதான் தெரியல. அன்னிக்குக் காலைல பண்ணதை ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாக்கறேன். எல்லாம் பண்ணேன்னுதான் தோணுது. ஆனா பண்ணலையே."

பயந்துபோய் ஒத்துக்கொண்டிருப்பான், யாராவது மிரட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வந்தாள். இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. தன் கண்ணையும் தன் வேலையையும் விட அவள் சொல்லை அவன் பெரிதாக நம்பியிருக்கிறான். அந்த நம்பிக்கையில் நாலு நாள் தன்னைத்தானே தின்றிருக்கிறான்.

"விளக்கு எரிஞ்சுதுடா" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"கதவு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியல. அதை ரேடியோவுல சொல்ல முடியாம, பழியைக் கதவு மேல போட்டேன். நீ சோதிச்ச கதவுன்னு அப்ப நினைப்பே இல்ல."

சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது.

சின்னவன் கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் எதையும் விடலையா?"

"விடல."

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதான். கோபத்தில் அழவில்லை. நிம்மதியில் அழுதான். அவன் திட்டியிருந்தால், கையை ஓங்கியிருந்தால்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். 'நான் விடல, நான் விடல' என்று அவன் சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே அழுததைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. இந்த வயதில் ஒரு மனிதனை இப்படி அழவைத்தது அவள்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முதலில் கேட்டது அவள் உடம்பைப் பற்றி. என்ன செய்கிறது, எத்தனை நாளாக, டாக்டரைப் பார்த்தாயா என்றான். தம்பியிடம் சொல்லக்கூடிய அளவுக்குச் சொன்னாள். வயது ஆக ஆக இப்படி வருமாம், கிருமி பிடித்துக்கொள்ளுமாம், மருந்து இருக்கிறதாம் என்றாள். தண்ணீர் குடிக்காமலா இத்தனை வருஷம் ஓட்டினாய் என்று தலையில் கை வைத்துக்கொண்டான். சாப்பாட்டு அறையில் ரேடியேட்டர் என்று சொல்பவர்களில் யார் யார் என்று கேட்டான். அவள் சொல்லவில்லை. அவனும் ஒருமுறை எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறான், அது அவளுக்குத் தெரியும். அதையும் சொல்லவில்லை.

தம்பி மனைவி இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். ஒன்றைக் கணவன் கையில் கொடுத்தாள். இன்னொன்றைப் பெரியவளுக்கு எட்டாத தூரத்தில் மேஜைமேல் வைத்தாள்.

"நாலு நாளா இந்த வீட்ல யாரும் தூங்கல அண்ணி" என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கும் வராது.

நாளைக்கு விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றாள் பெரியவள். அதற்குள் அவன் ஏதாவது தடுத்துச் சொல்வான், வேண்டாம் அக்கா, நான் ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதாகவே இருக்கட்டும் என்பான் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. பயம் மட்டுமல்ல, அப்படிச் சொல்ல மாட்டானா என்று ஒரு ஆசையும் இருந்தது. கணவர் போட்ட கணக்கையும் சொன்னாள். கேமராவில் அவர் பார்த்ததையும் சொன்னாள்.

"மாமாவும் பாத்தாரா?" என்றான் சின்னவன். அதைக் கேட்டபோதுதான் அவன் குரல் மாறியது.

ஜன்னலில் வெயில் தாழ்ந்து, எதிர்வீட்டுச் சுவருக்குப் போயிருந்தது. காபி அவன் கையிலேயே ஆறிப்போனது. கடைசியில் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நீ நாளைக்குச் சொல்லிடு. வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு என் வேலை வேணும். ஆனா ஒண்ணு கேக்கறேன். உன்னை மன்னிச்சு மறுபடி வண்டி குடுத்தாங்கன்னு வச்சுக்க. நான் சோதிச்ச வண்டி. கதவு சரியில்லன்னு ரேடியோவுல சொல்ற. உள்ள அத்தனை ஜனம் இருக்கு. நான் என்னக்கா பண்ணட்டும்? நம்பட்டுமா, வேணாமா?"

குத்திக் காட்டுவதற்காக அவன் கேட்கவில்லை. முகத்தில் துளி கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். இதுவரை அவனுக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை.

பெரியவள் வாயைத் திறந்தாள். அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. படியேறும்போதே முட்டியதை இவ்வளவு நேரம் அடக்கியிருந்தாள். இனி ஒரு நொடி தாங்காது.

"இருடா. ஒண்ணுக்குப் போகணும். போயிட்டு வந்து சொல்றேன்."

அந்த வார்த்தையை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னாள். அவன் சட்டென்று எழுந்து முன்னால் போய்க் கழிப்பறை விளக்கைப் போட்டு, கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினான்.

உள்ளே துளித்துளியாகப் போனது. எரிந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அவள் பதிலைத் தேடினாள். இனிமேல் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லலாம். பிடிபட்ட எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நம்பு என்று சொல்லலாம். எதை வைத்து? நம்பாதே என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அக்கா என்று அவனுக்கு யார் இருக்கிறார்கள்? முடிந்தது என்று எழுந்தாள். உடனே மறுபடி முட்டியது, உட்கார்ந்தாள். நேரம் ஆகிக்கொண்டே போனது.

வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சின்னவன் கூடத்தில் உட்கார்ந்துவிட்டான், அவள் பதிலுக்காக.

"மெதுவா வாக்கா" என்றான் வெளியிலிருந்து. "அவசரம் ஒண்ணுமில்ல."

அதைக் கேட்டதும் பெரியவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.